இயக்குநரின் முகடு

அந்த ஆய்வு நிறுவனத்தில் நானூறு பேர் வேலை பார்த்தார்கள். நானூறு பேருக்கும் சேர்த்து முகடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் இயக்குநர். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நோயாளியின் உலர்ந்த இரத்தத்தில் அவர் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தினார். இரத்தம் எந்தெந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்பதைக் கருவி ஒரு கோடாக வரைந்து தள்ளியது. கோடு ஏறி இறங்கி வந்து, ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தாறு என்ற எண்ணுக்கு நேரே கூம்பாக எழுந்து நின்றது. வேறு எந்த ஆய்வகத்திலும் இரத்தம் அந்த இடத்தில் அவ்வளவு உயரம் எழுந்ததில்லை. மற்றவர்களின் கருவிகள் மட்டமானவை என்று இயக்குநர் அறிவித்தார். பிறகு அந்த முகட்டுக்குப் பொருத்தமாக ஒரு நோயையும் கண்டுபிடித்தார். முன்நிலை நோய் என்று பெயர் வைத்தார். அது வந்தவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அறிகுறி இல்லாததுதான் அதன் முதல் அறிகுறி.

அங்கே இளநிலை விஞ்ஞானி ஒருவன் இருந்தான். வில்லைக்காரன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். உலர்த்திய இரத்தத்தைக் கடுகளவு எடுத்து, அதற்கென்று உள்ள உப்போடு சேர்த்து உரலில் அரைத்து, அழுத்தும் கருவியில் வைத்துக் கண்ணாடி போன்ற மெல்லிய வில்லையாக்கிக் கொடுப்பது அவன் வேலை. ஒன்பது வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

காலை ஒன்பதரைக்கு இயக்குநர் ஆய்வகத்துக்கு வருவார். அன்றைய வில்லைகள் அனைத்துக்கும் வேண்டிய உப்பு ஒரே உரலில் அரைபட்டுத் தயாராக இருக்கும். அவர் வாசலில் நின்று வலது கையால் தலைமுடியை முன்னிருந்து பின்னால் ஒருமுறை ஒதுக்கிவிட்டுக்கொள்வார். முடி அதிகம் இல்லை. இருந்ததை அவர் நன்றாகக் கவனித்துக்கொண்டார். அதே கையின் இரண்டு விரல்களை உப்புக்குள் விட்டுத் தேய்த்துப் பதம் பார்ப்பார். சரி என்று தலையசைத்த பிறகுதான் அன்றைய அறிவியல் தொடங்கும். கையுறை போட்டால் பதம் தெரியாது என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. இயக்குநர் வெளியூர் போயிருக்கும் நாட்களில் யாரும் அளவு எடுக்கக் கூடாது என்று இன்னொன்று இருந்தது. உப்பு மட்டும் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. வெறும் உப்புக்காக இயக்குநரின் நேரத்தை வீணாக்கக் கூடாதல்லவா, அதனால் சீல் உடைக்காத புட்டியிலிருந்து நேராக எடுத்து அளப்பார்கள். இருபத்திரண்டு வருடமும் உப்பு சுத்தமாகவே இருந்தது.

பதினோராவது வருடம் முகடு திடீரென்று இடம் மாறியது. நாற்பத்தாறிலிருந்து முப்பத்தெட்டுக்கு வந்துவிட்டது. நோய் பரிணாமம் அடைகிறது என்று இயக்குநர் கட்டுரை எழுதினார். அதற்கு ஒரு பதக்கம் கிடைத்தது.

வில்லைக்காரனின் மனைவியும் அங்கேதான் ஆய்வு மாணவியாக இருந்தாள். ஐந்து வருடத்தில் நூற்றுப் பத்து நோயாளிகளின் இரத்தத்தை அளந்தாள். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தனக்கு வேண்டிய உப்பைத் தனியாக, சின்ன உரலில், கையுறை போட்டு அரைத்துக்கொள்வாள். இயக்குநர் வெளிநாடு போயிருந்த நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு அளவும் எடுத்தாள். நூற்றுப் பத்துப் படங்களில் ஒன்றில்கூட இயக்குநரின் முகடு இல்லை.

ஏன் இல்லை என்பதை அவள் ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயத்தில் எழுதினாள். மொத்தம் பதினோரு பக்கம். மாதிரியைக் கையாளும் ஒருவர் கேசத்துக்குப் பூசும் கிரீமில் உள்ள கொழுப்புச் சேர்மங்களே இந்த முகட்டுக்குக் காரணம் என்று மரியாதையான மொழியில் எழுதியிருந்தாள். பழைய பச்சை டப்பா கிரீம் ஒன்றை ஒரு சலூனில் தேடிப் பிடித்து, நீல டப்பா கிரீம் ஒன்றைக் கடையில் வாங்கி அளந்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் போட்டிருந்தாள். பச்சை டப்பாவுக்கு நாற்பத்தாறு. நீல டப்பாவுக்கு முப்பத்தெட்டு. பச்சை டப்பா எந்த வருடத்தோடு கடைகளில் நின்றுபோனது என்பதையும் அடிக்குறிப்பில் கொடுத்திருந்தாள்.

வாய்மொழித் தேர்வில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் இயக்குநர். பத்தொன்பதாம் பக்கத்தில் முதல் படம் வந்தது. முகடு இல்லை. ஆய்வேட்டை மூடிவிட்டார்கள். நாலாம் அத்தியாயத்தைப் பார்க்கும்படி அவள் மூன்று முறை கேட்டுக்கொண்டாள். நேரம் முடிந்துவிட்டது என்று மூன்று முறையும் சொன்னார்கள்.

இயக்குநர் முடிவுரை ஆற்றினார். "பீக் இருக்கு. அது நிரூபிச்சாச்சு. ஒருத்தங்களுக்குத் தெரியலேன்னா அது பீக்கோட தப்பு இல்ல. உண்மைய அளக்கறதுக்கு முன்னாடி என்ன வரணும்னு தெரிஞ்சு வச்சுக்கணும் பாப்பா. அதுதான் விஞ்ஞானம்."

ஆய்வேடு நிராகரிக்கப்பட்டது. நாலு பிரதிகளையும் நிறுவனம் எடுத்துக்கொண்டது. அவள் தட்டச்சு செய்த கணினி நிறுவனத்துடையது. அதையும் வாங்கி உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து அவள் இறந்துபோனாள். மூளையில் ஒரு இரத்தக் குழாய் வெடித்தது. ஆய்வேட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று மருத்துவர் சொன்னார். வில்லைக்காரனும் அப்படித்தான் நினைத்தான். நிறுவனத்திலிருந்து இரங்கல் கடிதம் வந்தது. அவளிடமிருந்த ஆய்வக மேலங்கியையும் அலமாரிச் சாவியையும் ஒரு வாரத்துக்குள் ஒப்படைக்கும்படி அதன் இரண்டாவது பத்தி கேட்டுக்கொண்டது.

ஒரு வருடமும் நாலு மாதமும் போனது. ஒருநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. நிராகரிக்கப்பட்டு இரண்டு வருடம் ஆன ஆய்வேடுகள் அடுத்த மாதக் கடைசி நாளில் கூழாக்கப்படும். பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

வில்லைக்காரன் மறுபரிசீலனை கேட்டுப் பதிவாளரிடம் மனு கொண்டுபோனான். பதிவாளர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"விண்ணப்பதாரர் நேர்ல வரணுமே தம்பி."

"அவ இறந்துட்டா சார். இரங்கல் கடிதத்துல நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

"அது பணியாளர் நலப் பிரிவு கோப்பு. இது ஆய்வேட்டுப் பிரிவு. ஒரு கோப்புல இறந்தவங்க இன்னொரு கோப்புல இறந்ததா ஆகாது." பேனாவை மூடித் திறந்தார். "வேற தேதி கொடுத்தா வருவாங்களா?"

"வர மாட்டா சார்."

"அதை எழுதிக் கொடுங்க."

எந்தத் தேதி கொடுத்தாலும் என் மனைவியால் வர இயலாது என்று அவன் எழுதிக் கொடுத்தான். காரணம் என்ற கட்டத்தில் இடம் போதவில்லை; தனித் தாள் இணைத்தான். மூன்று பிரதி கேட்டார்கள். மூன்றையும் கையாலேயே எழுதினான்.

மூன்று நிபுணர்கள் கொண்ட துணைக்குழு அமைந்தது. ஒவ்வொருவரும் ஆய்வேட்டைப் படித்துக் கருத்து எழுத வேண்டும். முதல் நிபுணர், ஆய்வேடு நன்றாக பைண்டிங் செய்யப்பட்டிருக்கிறது என்று எழுதினார். இரண்டாம் நிபுணர் அதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டார். மூன்றாம் நிபுணர், முந்தைய இரு கருத்துகளிலும் உள்ள ஆழத்தைப் பாராட்டினார். படங்களில் முகடு இல்லாததால் கூழாக்கலாம் என்று மூவரும் சேர்ந்து பரிந்துரைத்தார்கள். கோப்பு திரும்பி வந்தபோது வில்லைக்காரன் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்தான். பைண்டிங் செய்தபோது பசை பட்டு ஒட்டிக்கொண்ட நாலாம் அத்தியாயத்தின் பக்கங்கள் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தன.

வீட்டில் மாமனார் காத்திருந்தார். அவர் தையற்காரர், மகள் போன பிறகு மாப்பிள்ளையோடுதான் இருந்தார். மகள் தட்டச்சு செய்யச் செய்ய ஒவ்வொரு பக்கமாகத் திரையிலேயே வாசித்தவர். அந்த ஆய்வேட்டை முழுவதும் படித்த ஒரே ஆள் அவர்தான்.

"நாலாவது பாடத்தப் படிச்சாங்களா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா."

"எனக்கே புரிஞ்சுதே. அந்தாளு தலையில தடவறது உப்புல ஒட்டிக்குது. இதைக் கண்டுபிடிக்க எதுக்கு மூணு நிபுணரு?"

வில்லைக்காரன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமனார் குழம்பை அவன் பக்கம் நகர்த்தினார். பிறகு தன் தொழிலைப் பற்றி ஏதோ சொல்வதுபோல ஆரம்பித்தார். கடையில் எல்லோரையும் அளக்கிற டைலரை யாரும் அளப்பதில்லை. அதனால்தான் டைலர் போட்டிருக்கிற சட்டை மட்டும் எப்போதும் தோளில் தொங்கும் என்றார்.

"அந்தாள யாராவது அளந்து பார்த்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. வில்லைக்காரன் அதற்குப் பிறகுதான் சாப்பிட ஆரம்பித்தான். நிதானமாக, தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.

நிறுவனத்தில் ஆண்டுப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. இயக்குநரே கொண்டுவந்தது. பணியாளர்கள் வரிசையாக வந்து ஒரு சிட்டிகை உப்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். வில்லைக்காரன் அதை வில்லையாக்கி அளப்பான். முகட்டின் உயரம் அறுபதைத் தாண்டினால் அவர் முன்நிலை நோயாளி. வீட்டில் தனிமை ஓய்வில் இருக்க வேண்டும். மூன்று வாரம் தொடர்ந்து அறுபதுக்குக் கீழே இறங்கினால் திரும்பி வரலாம். வரும்போது அவர் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

இயக்குநரோடு வாதம் செய்த கணக்காளர் அப்படித்தான் நோயாளி ஆனார். சுற்றறிக்கையில் தவறு கண்டுபிடித்த நூலகரும் ஆனார். இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. பரிசோதனை நாளன்று இயக்குநர் தலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். வருகிறவர்களோடு கைகுலுக்குவார். தனக்கு யார்மேலும் மனக்கசப்பு இல்லை என்று காட்டுவதற்காக, சண்டை போட்டவர்களின் கையை மட்டும் இரண்டு கைகளாலும் பிடித்து நெடுநேரம் குலுக்குவார். அவ்வளவுதான். மனத்தில் கசப்பு உள்ளவர்களுக்கு நோய் சீக்கிரம் வருகிறது என்று அதைப் பற்றியும் அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்.

இயக்குநருக்கு மட்டும் பரிசோதனை கிடையாது. அவர் அளவுகோல், அளவுகோலை யாரும் அளப்பதில்லை.

அந்த வருடம் அவருக்கு ஓய்வு வயது. பணிநீட்டிப்புக்கு ஆட்சிக் குழுவுக்கு விண்ணப்பம் போக வேண்டும். விண்ணப்பத்தின் பன்னிரண்டாவது கட்டம் ஆண்டுப் பரிசோதனை முடிவு. வில்லைக்காரன் பதிவாளருக்கு இரண்டு வரிக் குறிப்பு அனுப்பினான். பன்னிரண்டாவது கட்டத்தில் எண் இல்லாத விண்ணப்பங்கள் திருப்பி அனுப்பப்படும் என்று விதி சொல்கிறது, தக்க நடவடிக்கைக்காக. பதிவாளருக்கு இயக்குநரைவிடக் காலிக் கட்டத்திடம் பயம் அதிகம். அவர் குறிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினார். இயக்குநர் பெருந்தன்மையாகச் சம்மதித்தார். தலைவனே முன்மாதிரியாக நிற்க வேண்டும் என்று ஒரு புகைப்படக்காரரையும் வரச் சொன்னார்.

வில்லைக்காரன் எதையும் கலக்கவில்லை, எதையும் மாற்றவில்லை. ஆய்வக வாசலில் ஒரு கண்ணாடியை மாட்டினான். புகைப்படத்துக்காக என்று சொன்னான்.

இயக்குநர் கண்ணாடி முன் நின்றார். இடது பக்கம் ஒதுக்கினார், சரியாக இல்லை. வலது பக்கம் ஒதுக்கினார். இரண்டு கைகளாலும் நடுவில் அழுத்திப் படியவைத்தார். பிறகு உள்ளங்கைகளை நீட்டினார். வில்லைக்காரன் புதுப் புட்டியின் சீலை எல்லோர் முன்னிலையிலும் உடைத்து ஒரு சிட்டிகை உப்பைக் கொட்டினான்.

கோடு தாளின் மேல் விளிம்பைத் தொட்டு வெளியே போய்விட்டது. அளவைச் சுருக்கி மறுபடி எடுத்தார்கள். நானூற்றுப் பதினெட்டு. நிறுவனத்தின் வரலாற்றில் யாரும் நூற்றைத் தாண்டியதில்லை.

ஆட்சிக் குழு அவசரமாகக் கூடியது. ஏழு பேர். வில்லைக்காரனைச் சாட்சியாக நிற்க வைத்தார்கள். கருவி கெட்டுப்போயிருக்குமோ என்று குழுத் தலைவர் கேட்டார். அன்று காலையில்தான் சரிபார்த்தது என்று வில்லைக்காரன் சான்றிதழைக் காட்டினான். கையெழுத்து இயக்குநருடையது. அப்படியானால் இந்த முகட்டுக்கு நோய் தவிர வேறு காரணம் இருக்க முடியுமா என்று தலைவர் இயக்குநரிடமே கேட்டார்.

வில்லைக்காரன் இயக்குநரின் வாயையே பார்த்தான். இருக்கலாம் என்று இயக்குநர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வேறு காரணத்தைத் தேட வேண்டியிருக்கும். தேடினால் நாலாம் அத்தியாயத்தில்தான் போய் நிற்க வேண்டும். கூழாக்கும் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

இயக்குநர் எழுந்து நின்றார். தலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். 

"வேற காரணம் இருக்கவே முடியாது. இருபத்திரண்டு வருஷமா நான் சொல்லிட்டு வர்றது அதைத்தான். என்னால நோயாளியா இருக்க முடியும். தப்பா இருக்க முடியாது." தண்ணீர் குடித்தார். "நானூத்திப் பதினெட்டு. இந்த நோய்ல இதுவரைக்கும் யாரும் தொடாத உயரம். அதையும் நம்ம நிறுவனம்தான் தொட்டிருக்கு."

ஏழு பேரும் கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பணிநீட்டிப்பு நிறுத்திவைக்கப்பட்டது. இயக்குநர் தன் இல்லத்திலேயே தனிமை ஓய்வில் இருக்க வேண்டும். முகடு இறங்கும்வரை எந்த மாதிரியையும், எந்த உப்பையும், எவருடைய கையையும் தொடக் கூடாது. தீர்மானத்தை அவரே திருத்திக் கொடுத்தார்.

வில்லைக்காரன் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். ஆளைப் பிடித்தாயிற்று, புத்தகம் போகத்தான் போகிறது என்றான். மாமனார் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, பொறுங்க மாப்பிள்ளை, உப்பு இருக்கே என்றார்.

உப்பு இருந்தது. மறுநாள் காலை ஒன்பதரைக்கு அதைப் பதம் பார்க்க யாரும் வரவில்லை. பன்னிரண்டு நோயாளிகளின் இரத்தத்தை அளந்தார்கள். முகடு இல்லை. அடுத்த நாள் இருபது. இல்லை. மூன்றாம் நாள் பழைய நோயாளிகளைக் கூப்பிட்டு அளந்தார்கள். ஒருவரிடமும் இல்லை. நானூறு பேர் ஒரு முகட்டைத் தேடினார்கள். மின்சாரத்தைச் சந்தேகப்பட்டார்கள், காற்றின் ஈரத்தைச் சந்தேகப்பட்டார்கள். முகட்டை நம்பி ஆறு துறைகளும் பதினேழு பேராசிரியர்களும் இருந்ததால் கவலைக்கு நியாயம் இருந்தது.

ஏழாம் நாள் துணைக்குழுவின் முதல் நிபுணர் விடையைக் கண்டுபிடித்தார். முன்நிலை நோய் ஒழிந்துவிட்டது. நிறுவனத்தின் இருபத்திரண்டு வருட உழைப்பால் ஒழிந்துவிட்டது. இயக்குநரின் உடம்பில் கடைசியாகத் தஞ்சம் புகுந்திருக்கிறது. இரண்டாம் நிபுணர் முழுமனதோடு ஏற்றுக்கொண்டார். மூன்றாமவர் ஆழத்தைப் பாராட்டினார். அறிக்கை தயாரானது. ஆனால் முகடு இல்லாத இரத்தம் எப்படி இருக்கும் என்று காட்டும் பழைய படங்கள் வேண்டும். நிறுவனத்தின் எந்தக் கோப்பிலும் அப்படி ஒரு படம் இல்லை.

பதிவாளர்தான் நினைவுபடுத்தினார். கூழாக்கும் வண்டியில் ஏற்றக் கட்டி வைத்திருந்த நாலு பிரதிகளையும் அவரே தூக்கிக்கொண்டு வந்தார். "நூத்திப் பத்துப் படம் இருக்கு. ஒண்ணுலகூட பீக் இல்ல. வாழ்க" என்றார்.

ஆய்வேடு இருபது நிமிடத்தில் ஏற்கப்பட்டது. தொலைநோக்குள்ள படைப்பு என்று மூன்று நிபுணர்களும் எழுதினார்கள். பட்டமளிப்புக்கு நேரில் வர வேண்டும் என்று அவள் பெயருக்கு அழைப்பு வந்தது. வர இயலாது என்ற கடிதத்தின் நாலாவது பிரதியை வில்லைக்காரன் எழுதி அனுப்பினான். நிறுவனம் ஆய்வேட்டை அழகான புத்தகமாக இருநூறு பிரதி அச்சிட்டது. முன்னுரையைத் தனிமை ஓய்வில் இருந்தபடியே இயக்குநர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். தன் வழிகாட்டுதலில் உருவான இந்த மாணவியின் கூர்மையைத் தான் அன்றே கண்டுகொண்டதாகச் சொல்லியிருந்தார். நாலாம் அத்தியாயமும் ஓர் எழுத்து விடாமல் அச்சாகியிருந்தது. மெய்ப்புத் திருத்தியவர் எழுத்துப் பிழைகளை மட்டும் பார்த்திருக்கிறார்.

மாமனார் ஒரு பிரதியை வாங்கி முகர்ந்து பார்த்தார். முன்னுரைத் தாள்களைத் தையல் கத்தரிக்கோலால், விளிம்பு பிசிறாமல் வெட்டி எடுத்தார். பிறகு முதல் பக்கத்திலிருந்து வாசிக்க உட்கார்ந்தார்.

வில்லைக்காரன் இன்னொரு பிரதியைக் கொண்டுபோய் இயக்குநரின் கையிலேயே கொடுத்தான்.

வாரா வாரம் வியாழக்கிழமை இயக்குநரை அளக்கும் பொறுப்பும் அவனுக்கே வந்தது. இயக்குநரைப் பார்க்க யாரும் வருவதில்லை. புது இயக்குநராக முதல் நிபுணர் பதவியேற்றுவிட்டார், அவருக்கு வழுக்கை. பழைய இயக்குநர் காலையில் குளித்து, தலை வாரி, பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு வியாழக்கிழமைக்காகக் காத்திருப்பார். நானூற்று முப்பது. நானூற்று நாற்பத்தைந்து. போகப் போகத் தலைவாருவதற்கு அவருக்கு நிறைய நேரம் இருந்தது. நீல டப்பா மேசையில் இருக்கும். மேசைக்குக் கறை படாமலிருக்க அதன் அடியில் புத்தகத்தை வைத்திருந்தார். புத்தகம் இன்னும் திறக்கப்படவில்லை என்பது அதன் முதுகைப் பார்த்தாலே தெரியும். ஒவ்வொரு வாரமும் வில்லைக்காரன் முதலில் அதைத்தான் பார்ப்பான்.

பத்தாவது மாதம் ஒரு வியாழக்கிழமை இயக்குநர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறிட்டேதான் போகுது தம்பி. நான் எதையாவது விடணுமா? சர்க்கரை, காரம், காப்பி, எது சொன்னாலும் விட்டுடறேன். எனக்கு மறுபடி உள்ள வரணும். ஒரே ஒரு நாள் அந்த உப்பைத் தொட்டாப் போதும்."

வில்லைக்காரன் டப்பாவைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"இதுல இருக்கு சார். நாலாவது அத்தியாயம். பதினோரு பக்கம்தான்."

இயக்குநர் புத்தகத்தை வாங்கி அட்டையைத் தடவிப் பார்த்தார். முகத்தில் பழைய சிரிப்பு வந்தது.

"நான் முன்னுரை எழுதின புத்தகம் தம்பி. இதுல எனக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகுது?"

புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தார். அதன்மேல் டப்பாவை வைத்து, மூடியைத் திறந்து, இரண்டு விரலால் எடுத்து, நெற்றியிலிருந்து பிடரிவரை பொறுமையாகத் தடவிக்கொண்டார். பிறகு உள்ளங்கைகளை நீட்டினார்.

வில்லைக்காரன் ஒரு சிட்டிகை உப்பைக் கொட்டினான்.

"நல்லாத் தேய்ங்க சார்" என்றான். "அவசரமே இல்ல."